இரண்டு ஜன்னலிலும் மார்ச்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் உத்தரவு வந்தது. விற்பனைக்கு வரும் காலண்டர் கடிகாரங்களை எல்லாம் படமெடுக்கும் முன் ஒரே நேரத்துக்கும் ஒரே கிழமைக்கும் ஒரே தேதிக்கும் திருப்பி வைக்க வேண்டுமாம். வரிசையாகப் பார்க்க அழகாக இருக்குமாம். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ரிட்டயர் ஆனவள் பேசாமல் இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. "திருப்புவதற்கு முன் எந்த நாளில் நின்றது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்" என்று போட்டேன். நான் முகமே பார்த்திராத ஒரு பெண் உடனே கேட்டாள்: "ஏன் மேடம், ஏதாவது ரீசன் இருக்கா?"

இருக்கிறது. அது ஃபோனில் தட்டி அனுப்புகிற நீளத்தில் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செய்த வேலைக்கு ஒழுங்கான பெயர் கிடையாது. பழைய கைக்கடிகாரங்களை வாங்கி, சேகரிப்பவர்களுக்கு விற்கிற கம்பெனி எங்களுடையது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைப் பார்த்தபடி ஒரு மாடி. விற்க வரும் கடிகாரத்தைப் பார்த்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. கீறல் எங்கே, முள் முதலில் கம்பெனி வைத்த மூலமுள்தானா, டயலை யாராவது மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்களா, இதெல்லாம். வாங்குகிறவர் எங்கோ குளிர்தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, தொட்டே பார்க்காமல், என் நாலு பாராவை நம்பி வாங்குவார். என் அம்மா கிழக்குத் தாம்பரத்தில் டீச்சர். நானும் டீச்சராவேன் என்று சர்ச் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். "எஸ்தர் என்ன பண்றா?" என்று கேட்டவர்களிடம் கடைசிவரை "ஆபீஸ் போறா" என்றுதான் சொன்னாள். பெண் கடிகாரத்துக்கு வர்ணனை எழுதுகிறாள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

வேலை பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டேன். மூச்சு டயலில் படாமல் குனியக் கற்றுக்கொண்டேன். "அழகான" என்ற சொல்லை எழுதாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏனென்றால் காலண்டர் குரோனோகிராஃப் என்ற ஜாதிக் கடிகாரம் அழகுதான். பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் மாதிரி ஓடும், இன்னொரு அழுத்தில் நிற்கும். அதோடு விட்டார்களா? பன்னிரண்டு மணிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டி ஜன்னல்கள், ஒன்றில் கிழமை, ஒன்றில் மாதம். ஓரம் சுற்றி ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண்கள், அதைக் காட்ட ஒரு தனி முள். சிலவற்றில் ஆறு மணிப் பக்கம் ஒரு சின்ன வானம், அதில் நிலா. நிஜ நிலாவோடு சேர்ந்து வளரும், சேர்ந்து தேயும். மழைக்கால மாலைகளில் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் வழியாக மேலே பார்ப்பேன். மேகத்துக்குப் பின்னால் நிலா எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேசை டிராயரில் பார்த்துவிட்டுத்தானே வருகிறேன்.

அந்தக் கடிகாரங்களுக்கு ஒரு குணம் உண்டு. பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக் குழிகளில் பொத்தான்கள் இருக்கும், பல்குச்சியால் அழுத்தினால் கிழமையோ மாதமோ நகரும். ஆனால் முள் இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டால், விடிகாலை மூன்று வரை தொடவே கூடாது. அந்த நேரத்தில் உள்ளே சக்கரங்கள் அடுத்த நாளைத் தூக்கிக்கொண்டிருக்கும். அப்போது அழுத்தினால் பல் உடையும். நம் கையில் மத்தியானமாக இருக்கும், கடிகாரத்துக்குள் நடுராத்திரியாக இருக்கும். கடிகாரத்தின் ராத்திரிக்குத்தான் மரியாதை கொடுக்க வேண்டும்.

இதைச் சொன்னவர் வரதன் சார். எங்கள் மேலாளர். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவார், நெற்றியில் மெல்லியதாக ஒரு சூர்ணக்கோடு. கடிகாரத்தைத் தொடும் முன் தன் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி மேசையின் இடது ஓரத்தில் வைப்பார். அப்புறம் விற்க வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். அப்புறமும் கடிகாரத்தை எடுக்கமாட்டார். "முதல்ல நீங்க சொல்லுங்கோ, அப்புறம் அது சொல்லட்டும்" என்பார். வந்தவர் என்ன விலை தேறும் என்று ஆரம்பித்தால் காது கேளாதவர் போல மின்விசிறியைப் பார்ப்பார். யார் கையில் இருந்தது, எப்படி வந்தது, எப்போது கடைசியாக ஓடியது, அதெல்லாம் முடிந்தபிறகுதான் பல்குச்சியும் லென்ஸும். அப்போதும் முதல் வேலை ஒன்றே ஒன்றுதான். கடிகாரம் காட்டுகிற கிழமை, தேதி, மாதம், நிலா, மணி எல்லாவற்றையும் அவர் சத்தமாகச் சொல்வார், நான் எழுத வேண்டும். அதை எழுதி முடிக்காமல் யாரும் எதையும் திருகக் கூடாது.

எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது. நின்றுபோன கடிகாரம் எதையாவது காட்டிக்கொண்டுதான் இருக்கும், அதை எழுதி யாருக்கு என்ன லாபம்? ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஒருத்தர் தூங்கிண்டிருந்தா, எழுப்பறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கார்னு பாக்க மாட்டீங்களா?" என்றார். நான் யாரையும் அப்படிப் பார்த்து எழுப்பியதில்லை. என் வீட்டுக்காரரைப் போர்வையை இழுத்துத்தான் எழுப்புவேன். ஆனாலும் அன்றிலிருந்து ஒழுங்காக எழுதினேன்.

சேகரிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடிகாரத்துக்கு மட்டும்தான் பைத்தியம் பிடிக்கும் என்று நினைப்பீர்கள். சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர். டிராயர் நிறைய காலண்டர் குரோனோகிராஃப் வைத்திருந்தார், எல்லாமே இன்றைய தேதியைக் காட்ட வேண்டும் அவருக்கு. முப்பது நாள் மாதம் முடிந்தால் ஒவ்வொன்றையும் கையால் தள்ளிவிட வேண்டும், கடிகாரத்துக்கு அது தெரியாது. பிப்ரவரிக் கடைசியில் அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகமாட்டார். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை என்று அவர் மனைவி என்னிடம் காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள், அவர் எதிரிலேயே.

இன்னொருவர் வண்டலூரில் பல் டாக்டர் அம்மா. அவருடைய கடிகாரங்கள் ஓடாது, ஓட விடமாட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் நிற்கும். காலையில் அலமாரியைத் திறந்து எதைக் கட்டுவது என்று பார்ப்பார். "இன்னைக்கு எனக்கு ஒரு அக்டோபர் வியாழக்கிழமை வேணும் எஸ்தர்" என்று சித்திரை வெயிலில் சொல்வார். அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும்போது, சாயங்காலம், மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து சிங்கம் உறுமுவது கேட்கும். அவர் கையில் அக்டோபர், வெளியே சிங்கம், கீழே ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தம். நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் இருப்பேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இப்போது பம்மல் சரோஜா அம்மாவிடம் வருகிறேன்.

செவ்வாய், வெள்ளிகளில் எங்கள் ஆபீஸ் காலியாக இருக்கும். அந்த நாட்களில் வீட்டுப் பொருளை யாரும் வெளியே தரமாட்டார்கள். அவர்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். சரோஜா அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், மஞ்சள் கரை போட்ட கைத்தறிப் புடவை. கூட அவர் மகன் குமார், பம்மலில் சின்னதாக பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருப்பவன். வரதன் சார் தண்ணீர் கொடுத்தார். சரோஜா அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து வெள்ளைத்துணி மூட்டையை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையில் தரவில்லை.

"மேசைல வெக்கிறேன். பாத்துக்குங்க."

பிரித்தார். டயல் பழுப்பேறித் தேன் நிறத்தில் இருந்தது, யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. எல்லா முள்ளும் மூலமுள். நிலாவின் முகத்தில் பொன் இன்னும் உதிரவில்லை. என் மொத்த சர்வீஸில் அப்படித் தீண்டப்படாத ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. வரதன் சார் மோதிரத்தைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல, "முதல்ல நீங்க சொல்லுங்கோம்மா" என்றார்.

சரோஜா அம்மாவின் கணவர் தணிகாசலம், பம்மலில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் தோலைத் தடவித் தரம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சொல்லிவிடுவாராம். தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர் ஒருவர் அதைப் பார்த்து அசந்துபோய், தன் கையிலிருந்தே கழற்றி அவர் கையில் கட்டிவிட்ட கடிகாரம் அது. பிறகு பம்மலில் வேலை படுத்துவிட்டது. தணிகாசலம் கல்கத்தாவில் ஒரு தோல் கம்பெனிக்குப் போனார். போகாதே என்று சரோஜா அம்மா சண்டை போட்டும் போனார்.

"அந்த வருசம் பங்குனி உத்திரத்துக்கு வந்துடறேன்னு முக்குக் கடைக்கு போன் பண்ணாரு. திங்கக்கெழம சம்பளம், செவ்வாக்கெழம ரயில் ஏறுவேன், வியாழக்கெழம வூட்ல இருப்பேன்னாரு. நானு வியாழக்கெழம காலைல இருந்து பல்லாவரம் டேசன்ல குந்திகினு இருந்தேன். ஒவ்வொரு வண்டியா வந்துகினே இருக்குது, இவரு மட்டும் வரல. பொழுது சாஞ்சிருச்சி."

அங்கே நிறுத்தி, மகனைப் பார்த்தார். "நீயும் கேளுடா. உன்கிட்டயும் சொன்னதில்ல."

"இன்னாம்மா?"

"கடைசி வண்டி போச்சி. அத பாத்து வாய் விட்டு சொன்னேன். நீ வரவே வராத, அங்கயே செத்தாலும் எனுக்கு சொல்லி அனுப்பாதன்னு. டேசன்ல எல்லாம் திரும்பி பாத்தாங்க. சனிக்கெழம கடைக்கு போன் வந்துச்சி. ரூம்ப உள்ள தாப்பா போட்டுகினு, தூக்கத்துலயே போயிட்டு கீறாரு. கதவ ஒடச்சி பாத்துருக்காங்க. என்னிக்கி போனாருன்னு யாருக்கும் தெரியல. டாக்டரு ரெண்டு மூணு நாளு இருக்கும்னாராம்."

விரலை மடக்கிக் காட்டினார். "சனிக்கெழமைல இருந்து ரெண்டு நாளு பின்னால போனா வியாழக்கெழம. நான் வாய் விட்ட நாளு."

அந்த அம்மா இருபது வருஷத்துக்கு மேலாக, தன் வாக்குப் பலித்துத்தான் புருஷன் போனார் என்று சுமந்துகொண்டிருந்திருக்கிறார். பெற்ற பிள்ளைக்கும் தெரியாமல்.

வரதன் சார் கேட்டார், மிக மெதுவாக: "இதுகிட்ட உங்களுக்கு என்னம்மா தெரியணும்?"

"என்னிக்கி நின்னுச்சின்னு சொன்னா போதும் சார். அவரு தலமாட்டுல இருந்துச்சாம். என் தம்பி போயி துணில சுத்தி எடுத்தாந்தான். அன்னில இருந்து வூட்ல ஒருத்தரையும் தொட உடல. காலைல எழுந்தா பல்லு தேக்கறதுக்கு முன்னாடி அதுக்கு சாவி குடுப்பாரு. அத வெச்சி தெரியாதா?"

குமார் சங்கடத்தோடு குறுக்கிட்டான். "சார், அம்மா சொல்றத வெச்சி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. அது காலண்டர் எப்பவோ பேஜாராயிடுச்சி. நீங்களே பாருங்க, ரெண்டு ஜன்னல்லயும் மார்ச்சுனுதான் கீது. எங்க ஏரியால வாட்ச் ரிப்பேர் பண்றவரு அம்மா கைல வெச்சே பாத்துட்டு, கெழமை போயி மாட்டிக்கிச்சி, இத நம்பாதன்னு சொல்ட்டாரு."

நான் குனிந்து பார்த்தேன். அவன் சொன்னது பொய்யில்லை. இடது ஜன்னலில் எம், ஏ, ஆர். வலது ஜன்னலிலும் எம், ஏ, ஆர். பள்ளிக்கூடம் போன எவரும் அதை மார்ச், மார்ச் என்றுதான் படிப்பார்கள்.

"எஸ்தர், படிங்கோ" என்றார் வரதன் சார். அவருக்கு முன்பே புரிந்துவிட்டது.

எனக்கும் புரிந்தது. அது இத்தாலிக்காரர் கையிலிருந்து வந்த கடிகாரம், இத்தாலி பாஷையில் பேசுகிறது. அவர்களுக்கு மார்த்தெதி என்றால் செவ்வாய்க்கிழமை. மார்ட்சோ என்றால் மார்ச் மாதம். சுருக்கினால் இரண்டுக்கும் அதே மூன்று எழுத்து. செவ்வாய்க் கிரகத்தின் பெயரை அவர்கள் கிழமைக்கும் வைத்தார்கள், மாதத்துக்கும் வைத்தார்கள், நாம் கிழமைக்கு மட்டும் வைத்தோம். காலண்டர் மாட்டிக்கொள்ளவில்லை. மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. தேதி முள் இருபத்திரண்டைத் தாண்டப் போகிற இடத்தில் நின்றது.

சொன்னேன்.

"அந்த வருஷ மார்ச்ல இருபத்திரண்டு என்ன கிழமைன்னு பாருங்கோ" என்றார் சார். குமார் வருஷத்தைச் சொன்னான், கம்ப்யூட்டரில் பார்த்தேன். செவ்வாய். "இப்ப நிலா." கடிகாரத்தின் வானத்தில் பாதியைத் தாண்டி வளர்ந்த நிலா, முழுசாக இன்னும் சில நாள் பாக்கி. எனக்கு அமாவாசை, பௌர்ணமி தவிர வேறு திதி தெரியாது, நான் வேதாகமத்தோடு வளர்ந்தவள். சார் பழைய பஞ்சாங்கத்தை என் திரையில் தேடி எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை வளர்பிறை தசமி. அந்த வாரக் கடைசியில பங்குனி உத்திரம். நிலா சரியா நிக்கறது" என்றார். கிழமை, தேதி, மாதம், நிலா நாலும் ஒரே நாளைச் சொன்னால் அது தற்செயல் இல்லை. அந்த மனுஷர் கடைசிவரை அதைப் பிசகாமல் வைத்திருந்திருக்கிறார்.

"செவ்வா காலைலயா, ராத்திரியா?" சரோஜா அம்மாவின் கேள்வி சுருக்கென்று வந்தது. மணி முள் பத்தரையில் நின்றது. பத்தரை என்றால் எந்தப் பத்தரை?

சார் லென்ஸை என்னிடம் தந்தார். "இடது ஜன்னலோட அடி ஓரத்தைப் பாருங்கோ."

மூன்று எழுத்துகளும் ஜன்னலில் நேராக உட்காரவில்லை. மயிரிழை மேலே ஏறியிருந்தன. கீழே அடுத்த நாளின் உச்சி, கறுப்பாக, நூல் மாதிரி தெரிந்தது. உள்ளே சக்கரம் புதன்கிழமையைத் தூக்க ஆரம்பித்திருந்தது. பகலில் அது நடக்காது.

"ராத்திரிம்மா" என்றேன்.

வரதன் சார் அப்புறம் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "முழுசா சாவி கொடுத்தா இது ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் மேல ஓடும். செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு நின்னிருந்தா, கடைசியா சாவி கொடுத்தது திங்கள் காலையிலே. செவ்வாய் காலையிலே கொடுக்கலை."

"மறந்திருக்கலாம் இல்ல சார்?" என்றான் குமார். நல்ல பிள்ளை, அவனுக்கும் பயம், அம்மா அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது என்று.

"சோறு துன்ன மறப்பாரு. சாவி குடுக்க மறக்க மாட்டாரு" என்றார் சரோஜா அம்மா. "டைபாய்டுல படுத்தப்ப, கை நடுங்கிகினே குடுத்தாரு."

"அப்போ திங்கள் ராத்திரி படுத்தவர், செவ்வாய் எழுந்திருக்கலைம்மா" என்றார் சார். "ரயில் ஏற வேண்டிய நாள் விடியறதுக்குள்ள போயிட்டார். நீங்க வியாழக்கிழமை பல்லாவரத்துல சொன்னது எதுவும் அவர் காதுல விழலை."

சரோஜா அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அடக்கி அடக்கி வைத்திருந்த அழுகை, சத்தம் போட்டே வந்தது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒட்டி உட்கார்ந்து, "ஏம்மா இத்தினி நாளு சொல்லல?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கும் கண்ணீர் கொட்டியது, லென்ஸ் நனைந்தது. வரதன் சார் ஜன்னல் பக்கம் போய் நின்று ரயிலைப் பார்த்தார். கடிகாரம் கோர்ட்டு சாட்சி இல்லை, எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த அறையில் அதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அம்மா அழுது ஓய்ந்ததும் குமார்தான் பேச்சை எடுத்தான். அவனும் அவன் அக்காவும் அதை விற்றுவிடலாம் என்று பேசி முடித்துத்தான் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் சம்மதம்தான், அது என்ன சொல்கிறது என்று தெரிந்தபிறகு. சார் தலையசைத்து, கடிகாரத்தை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார்.

சரோஜா அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இருங்க சார். செவ்வாக்கெழமைய எப்டி வெளிய குடுக்கறது?"

குமார் சிரித்துவிட்டான். "எம்மா, இன்னிக்கி வியாழக்கெழம."

"நமக்கு வியாழக்கெழம. அதுக்கு செவ்வாதான கீது?"

வரதன் சார் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியில் அவருக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். முள்ளைக் கையால் திருப்பிப் பன்னிரண்டைத் தாண்ட வைக்கலாம், ஒரு நிமிஷ வேலை என்றார்.

"வாணாம் சார். தள்ளி உட வாணாம். அதுவா போவட்டும். சாவி குடுத்தா ஓடுமா?"

அது கேட்கக் கூடாத கேள்வி. இத்தனை வருஷம் கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கும், சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது. எங்களில் வேறு யாராவது ஓட்டியிருந்தால் சார் ஒரு வாரம் பேசமாட்டார். அவர் தன் மோதிரத்தைப் பார்த்தார், நிலாவைப் பார்த்தார். "கொஞ்சமா கொடுங்கோ. இறுக்க வேண்டாம்" என்றார்.

சரோஜா அம்மா கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சாவி கொடுக்கும் திருகைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் உருட்டினார். எங்கே பிடிப்பது, எவ்வளவு உருட்டுவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தினமும் காலையில் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் அதைக் காதோரம் வைத்து லேசாக ஒரு ஆட்டு ஆட்டினார். சின்ன விநாடி முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நடக்க ஆரம்பித்தது.

கடிகாரத்தில் பத்தரை. வெளியே மத்தியானம் சாய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். யாரும் எழுந்து போகவில்லை. கீழே கடையிலிருந்து டீ வந்தது. கம்பெனி நேரத்தில் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ராத்திரி போவதற்காகக் காத்திருந்தோம். தாம்பரம் போகிற வண்டியும் கடற்கரை போகிற வண்டியும் மாறி மாறி ஜன்னலை அதிரவைத்தன. சரோஜா அம்மா தூங்கிவிடுவார் போலக் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "தெனமும் சட்ட பாக்கெட்ல எலந்த வடை வாங்கியாந்து குடுப்பாரு" என்றார். இன்னொருமுறை, "வந்துருப்பாரு இல்ல?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். "வந்திருப்பாரும்மா" என்று குமார் சொன்னான். அப்பாவின் திதியை இனிமேல் எப்படிப் பார்ப்பது என்று அவன் சாரிடம் கேட்டான். உயிர் பிரிந்த நேரத்தை வைத்து நவமியா தசமியா என்று வீட்டு வாத்தியார் சொல்வார், இத்தனை நாள் பார்த்த சனிக்கிழமைக் கணக்கை விட்டுவிடுங்கள் என்றார் சார்.

அந்தக் காலக் காலண்டர்கள் பட்டென்று மாறாது. பதினொன்று தாண்டியதும் இடது ஜன்னலில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மேலே ஏறின. பன்னிரண்டு நெருங்கும்போது பாதி செவ்வாய், பாதி புதன். அவர்கள் பாஷையில் புதனுக்கு எம், ஈ, ஆர். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதேதான், நடு எழுத்து ஒன்றுதான் வேறு. தேதி முள் ஒரு சின்ன நடுக்கத்தோடு இருபத்துமூன்றுக்கு நகர்ந்தது. நாலு பேரும் குனிந்திருந்தோம், தலைகள் முட்டிக்கொள்ளாத குறை.

"மாறிருச்சா?" என்றார் சரோஜா அம்மா. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது.

"மாறிடுச்சும்மா, புதன்" என்றேன்.

அவர் வெள்ளைத்துணியால் கடிகாரத்தின் கண்ணாடியை ஒருதரம் துடைத்தார். காதில் வைத்துக் கேட்டார். பிறகு, வந்ததிலிருந்து யார் கையிலும் தராத கடிகாரத்தை, எழுந்து நின்று நீட்டினார்.

"புதன்கெழம ஆயிடுச்சி. இப்ப எடுத்துக்குங்க சார்."

வரதன் சாரும் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.